அந்தக் கரைக்குப் போன பஸ்

மார்ச் 12

தம்பிக்கு,

ரயில்வே பிளாட்பாரத்தில் நீ பேசின பேச்சுக்கு அப்புறம் உனக்குக் கடிதமே எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். “ஒரு பஸ் டிரைவருக்காக நீயும் குழந்தையும் குண்டுல சாகணுமா?” என்று நாலு பேர் கேட்கக் கேட்டாய். அந்தப் பஸ் டிரைவரைப் பற்றி விசாரிக்கத்தான் இப்போது எழுதுகிறேன். பாதுகாப்பு மந்திரி ஆபீஸில் சுருக்கெழுத்து எழுதுகிற தம்பியை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய்க் கேட்பது?

உன் மாமா போன வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில் ரேடியோ, போர்முனையில் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நம் ராணுவ லாரிகள் பாலத்தைக் கடந்து இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஜன்னலிலிருந்து பாலம் முழுசாகத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். லாரிகளுக்குப் பின்னால் ஜனம். மெத்தை, சைக்கிள், தையல் மிஷின், ஆடு எல்லாவற்றோடும் வந்தார்கள். அந்தக் கரையில் மில் குவார்ட்டர்ஸ் மொத்தமும் கிளம்பிவிட்டது. டிப்போவில் டிரைவர்கள் பாதிப் பேர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்தப் பச்சைப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து போய்ப் போய் வந்தார். கண்டக்டர் வரவில்லை. டிக்கெட்டும் கிடையாது.

பிற்பகலில் ராணுவத் தலைமையகத்திலிருந்து பாலத்துக் காவல் சாவடிக்கு ஒரு கால் வந்தது. நான்தான் இணைப்புக் கொடுத்தேன். லைன் சரியாக விழுந்ததா என்று காதில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஜெனரல் சொன்னார், “பாலத்தைத் தகர்த்துடு. உடனே.” கேப்டன் தயங்கினார். “ஆள் நடமாட்டம் இருக்கு சார்.” “எவ்வளவு பேர்?” “புகையா இருக்கு சார். சரியாத் தெரியல.”

எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“பாலத்துல நிறைய ஜனம் இருக்கு சார். நடுவுல ஒரு பஸ் நிக்குது.”

“யாரது?”

“எக்ஸ்சேஞ்ச் சார்.”

“லைன்ல பேசறதுக்கு உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?”

“ஜன்னல் வழியாத் தெரியுது சார். அதான் சொன்னேன்.”

லைனைத் துண்டித்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, “காலியாக எவ்வளவு நேரமாகும்?” என்றார். கால்மணி என்று சொல்லிவிட்டேன். கணக்கெல்லாம் போடவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். “கேப்டன், கால்மணி. அதுக்கு மேல கிடையாது” என்று வைத்துவிட்டார்.

பஸ் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். உயிர் வந்தது. உடனே டிப்போவுக்கு லைன் போட்டு, “அவரை நிறுத்துங்க, இனிமே போக வேண்டாம்னு சொல்லுங்க” என்றேன். டைம்கீப்பர் பெரியவர், பாவம், அந்தத் தொப்பையோடு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் இவர் ஆட்களை இறக்கிவிட்டுப் பஸ்ஸைத் திருப்பிவிட்டார். கால்மணி இருக்கிறது, ஒரு ட்ரிப் அடித்துவிட்டு வந்துவிடலாம் என்று சிப்பாய் யாரோ சொன்னானாம்.

நான் வாங்கிக் கொடுத்த நேரத்தில்தான் அவர் போனார்.

பாலம் விழுந்தபோது எங்கள் கண்ணாடியெல்லாம் உடைந்து போர்டு மேல் கொட்டியது. புகை விலகினபோது அந்தக் கரையில் பஸ் நின்றது, கதவைத் திறந்துகொண்டு. அவரைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் போர்டு முழுக்க விளக்கு எரிகிறது, எல்லோருக்கும் லைன் வேண்டும். உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ரேடியோவில் போர்நிறுத்தம் என்றார்கள்.

முடிவெல்லாம் அன்று மத்தியானமே எடுத்தாகிவிட்டது என்று இப்போது பேப்பரில் போட்டிருக்கிறான். நீ அந்த அறையில்தான் இருந்திருப்பாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகட்டும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றாவது விசாரித்துச் சொல்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர் அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மாமாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அந்தக் கரை முழுக்க அவர்கள் வசம். கைதிகள் விவரம் இன்னும் வரவில்லை. மாமா கைதியும் இல்லை, ராணுவமும் இல்லை, எதில் தேடுவது என்று எனக்கே புரியவில்லை. விடமாட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்று காலையில் பிரதமர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. சொல்ல யாருக்கும் தைரியமில்லை, கடைசியில் நான் சொன்னேன். அன்று முழுக்க நான் அந்த அறையில் வாய்திறந்து பேசினது அது ஒன்றுதான். அவர் போனதும் துணைப் பிரதமர் பொறுப்பேற்றார். அந்த நாற்காலியில் உட்காரவில்லை, தன் இடத்திலிருந்தே கூட்டத்தை நடத்தினார். பாதிப் பேர் சண்டையைத் தொடர வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் நிறுத்தச் சொல்லிக் கேட்போம் என்றார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரே கூச்சல். நிதி மந்திரி அழுதார். கடைசியில் நிறுத்தக் கேட்பதென்று முடிவாகி, ஒரு நடுநிலை நாட்டுத் தூதரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அப்போதுதான் ராணுவத் தரப்பில் வந்திருந்தவர் பாலத்தைப் பற்றிச் சொன்னார். நிறுத்தம் அமலாகிற நேரத்தில் எந்தப் படை எங்கே நிற்கிறதோ அதுவே எல்லை என்று எதிரி கேட்பான், அதற்குள் ஆற்றைத் தாண்டிவிட்டால் உங்கள் ஊர் போய்விடும், பாலத்தை எடுத்தாக வேண்டும் என்றார். எங்கள் மந்திரி கேட்டார், “அந்தக் கரையில ஜனங்க?” “எல்லாரையும் காலையிலயே வெளியேத்தியாச்சு சார்.”

அதையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். எழுதுகிறவன் பேசக் கூடாது.

ஆனால் வெளியே வந்தேன், அக்கா. மந்திரிக்குத் தலைமையகத்தோடு பேச வேண்டியிருந்தது. லைன் போட வேண்டியது வேறு ஆள். நான் போடுகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டேன். உங்கள் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போக வேண்டும். நீ எடுத்தாய். “அக்கா, நான்தான், ஒரு நிமிஷம்” என்றேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். “இது அரசாங்க லைன். யார் வேணும், சொல்லுங்க.” சொல்லுங்க என்றாய். என்னை. நான் “பாலம்” என்று ஆரம்பிப்பதற்குள் தலைமையகத்தில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. யாரோ கர்னல் எடுத்தார். மந்திரி எனக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

மாமாவைப் பாலத்துப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்ததால் எழுதினேன். வாலு பள்ளிக்கூடம் போகிறாளா? பணம் வேண்டுமானால் கேள்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உன் குரல் என்று தெரிந்தேதான் இணைப்பைக் கொடுத்தேன். ஏதோ சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். மேலே எழுத வரவில்லை.

பணம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ராணுவம் தங்கியிருக்கிறது, அதனால் வாலுவை எக்ஸ்சேஞ்சுக்கே கூட்டிப் போகிறேன். என் காலடியில் உட்கார்ந்துகொண்டு பழைய வயரை வைத்து எல்லோருக்கும் லைன் போடுகிறாள். நேற்று அவள் அப்பாவுக்குப் போட்டாள். இப்போதுதான் முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, “எங்கேஜ்டா இருக்கும்மா” என்றாள்.

ஒரு சேதி வந்தது. மில் வேலைக்காரி ஒருத்தி படகில் தப்பித்து வந்திருக்கிறாள். அன்று பாலம் விழுந்தபோது அவள் இவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாளாம். டிரைவருக்கு நெற்றியில் சின்னக் காயம், மற்றபடி ஒன்றுமில்லை என்கிறாள். மறுநாள் அவர்கள் ஆட்கள் வந்து பஸ்ஸோடு சேர்த்து அவரையும் கொண்டுபோய்விட்டார்களாம். அவள் சொன்ன நெற்றி, மீசை எல்லாம் பொருந்துகிறது. கைதி என்று தேடாதே, டிரைவர் என்று தேடு.

இன்னொன்று. லைனில் குறுக்கே பேசியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். நீ மேலிடத்தில் சொல்லி நிறுத்தப் பார்க்காதே. நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

மாமாவைப் பார்த்தேன். உட்கார்ந்து படி.

போர்நிறுத்தக் கமிஷனில் என்னையும் ஒரு டைப்பிஸ்டையும் குறிப்பெடுக்கப் போட்டிருந்தார்கள். நேற்று முதல் கூட்டம், அந்தக் கரையில். வெள்ளைக்கொடி கட்டின மோட்டார் படகில் போனோம். உடைந்த பாலத்தின் தூண்களுக்கு நடுவே படகு போனபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இறங்கின இடத்திலிருந்து மில் ஆபீஸுக்கு எங்களைக் கூட்டிப்போக ஒரு பஸ் வந்து நின்றது. பக்கவாட்டில் வேறு நம்பர் எழுதியிருந்தார்கள். பச்சை அதே பச்சைதான்.

டிரைவர் சீட்டில் மாமா. தாடி வைத்திருக்கிறார். இளைத்திருக்கிறார், ஆனால் நோயாளி மாதிரி இல்லை. என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. கதவருகே துப்பாக்கியோடு அவர்கள் சிப்பாய் ஒருவன், எதிரில் இரண்டு அதிகாரிகள். “எல்லாரும் ஏறியாச்சா?” என்றார் மாமா, தினமும் கேட்கிற மாதிரி.

எங்கள் தலைவர் பின்னால் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு வாந்தி வரும் சார், காற்று வேண்டும் என்று பொய் சொல்லி, டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தேன். நேராகப் பேச வழியில்லை. டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிக் கொஞ்சம் உரக்கப் பேசினேன்.

“எங்க அக்கா பொண்ணுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு. சிரிச்சா பார்க்க முடியல.”

டைப்பிஸ்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “உங்களுக்கு அக்கா இருக்காங்களா சார்? சொன்னதே இல்லையே.”

“இருக்கா. எக்ஸ்சேஞ்ச்லதான் வேலை. அன்னிக்கு எல்லா ஜன்னலும் உடைஞ்சுது, அவளுக்கு ஒண்ணும் ஆகல. வீடும் அப்படியே இருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

மாமா கியர் மாற்றும்போது ஒருநாளும் சத்தம் வந்ததில்லை என்று நீ பெருமையடித்துக்கொள்வாய். நேற்று வந்தது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. சிப்பாய், “பார்த்து ஓட்டுய்யா” என்றான். மாமா, “ரோடு சரியில்லீங்க” என்றார். ரோடு நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அதற்கு மேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் காட்டிக்கொடுத்திருப்பேன்.

இறங்கும்போது கதவருகே நின்று ஒவ்வொருவரிடமும் “பார்த்து இறங்குங்க சார்” என்றார். என்னையும் சார் என்றார். முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். அவ்வளவுதான். திரும்பும்போது வேறு வண்டி வந்தது.

கூட்டத்தில் முடிவானதைச் சொல்கிறேன், இது பேப்பரிலும் வரும். ஆறுதான் கோடு. குடும்பம் பிரிந்தவர்கள் மே மாதக் கடைசி வரை எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். அதற்கு அப்புறம் கிடையாது. ஆனால் டாக்டர், மின்சாரம், தண்ணீர், வண்டி ஓட்டுகிறவர்கள், இவர்களை அவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். நம் ஆள் அதற்காக வாதாடவே இல்லை. அவருக்குக் கைதிகள் விஷயம்தான் முக்கியம். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமாவை எப்படியாவது அந்த வகையிலிருந்து எடுக்கப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். “மாமா எதுக்கு என் பல்லைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றாரு?” என்று கோபித்துக்கொண்டாள். பிறகு அந்த இடத்தையே மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள்.

அவரை எடுக்கப் பார்க்கிறேன் என்கிறாய். எடுக்க முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டி ஓட்டத் தெரிந்தவனை யார் விடுவார்கள்? நாங்கள் போகிறோம். நேற்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

மெமோவுக்கு, ஜன்னல் வழியாகத் தெரிந்ததைச் சொன்னேன் என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்திவிட்டார்கள். ராஜினாமாவை நீட்டினபோது சூப்பர்வைசருக்குத்தான் சங்கடம். “இதுக்காகவாம்மா வேலையை விடறே?” என்றார். இல்லை சார், வீட்டுக்காரர் அந்தக் கரையில் இருக்கிறார் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து பக்கத்துப் போர்டுக்காரி என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அவள் தம்பி அந்தப் போரில் போய்விட்டான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

நீ பத்திரமான இடத்துக்குக் கூப்பிட்டபோது வராதவள், இப்போது எதிரியிடம் போகிறாளே என்று உனக்குத் தோன்றும். எனக்கு எதிரி, எல்லை இதெல்லாம் புரியாமலில்லை. அன்றைக்கு முழுக்க உங்கள் எல்லோருக்கும் லைன் கொடுத்தது நான்தானே. ஆனால் நான் குடித்தனம் நடத்துவது அவரோடு.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நீ நிதானமாக யோசிக்க வேண்டும். இந்தக் கோடு தற்காலிகம் என்று பேப்பரில் எழுதுவார்கள். நம்பாதே. எங்கள் மந்திரியே போன வாரம் ராஜினாமா செய்துவிட்டார், தெரியுமா? வந்திருக்கிற புது ஆள் ஆற்றங்கரையில் முள்வேலிக்கு டெண்டர் விடச் சொல்லியிருக்கிறார். நீ போனால் திரும்பி வர முடியாது. வாலு அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பாள், அவர்கள் கொடிக்கு வணக்கம் சொல்வாள். தபால் கிடையாது. டெலிபோன் கிடையாது. எனக்கு நீ இருக்கிறாயா இல்லையா என்றுகூடத் தெரியாது.

என்னையும் நினைத்துப் பார். அக்கா எதிரிக் கரையில் இருக்க, தம்பி பாதுகாப்பு இலாகாவில் எப்படிக் குறிப்பெடுப்பான்? செக்ஷன் ஆபீசர் இப்போதே ஜாடையாகச் சொல்லிவிட்டார். மீன்வளத் துறையில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் பேசினது மாதிரியே இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், வேறு எதுவும் எழுத வரவில்லை. எனக்கு உன்னை விட்டால் யாருமில்லை. அதைத்தான் அன்றைக்கும் சொல்ல வந்தேன். வேறு மாதிரி வந்துவிட்டது.

உன் அனுமதிச் சீட்டு நேற்று என் மேஜைக்கு வந்தது. ஃபைல் அடுக்கில் மேலே வைக்காமல் கீழே வைத்திருந்தால் மாதம் முடிந்துவிடும். வைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இன்று கையெழுத்து வாங்கிவிட்டேன். பத்தாம் தேதிப் படகு. நான் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன், சாமான் தூக்க ஆள் வேண்டாம்.

தம்பி


மே 18

தம்பிக்கு,

இது கமிஷன் தபால் பையில் வருகிறது. சுருக்கமாக எழுதச் சொன்னார்கள்.

படகு கிளம்பினபோது வாலுவின் ஒரு செருப்பு கரையிலேயே விழுந்துவிட்டது. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். போடு போடு என்று அவள் கத்தினாள். நீ எறியவில்லை. உனக்குக் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் வருவது அவருக்குத் தெரியாது. இந்தக் கரை டிப்போவில் போய் நின்றோம். பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார். கை நிற்கவில்லை. வாலு போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தபிறகுதான் நின்றது. அவளைத் தூக்கிக்கொண்டு என்னிடம், “எதுக்கு வந்தே? அங்க நல்லா இருந்தியே” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி வரை அவரோடு பேசவில்லை.

மறுநாள்தான் சொன்னேன், கால்மணி வாங்கினது நான் என்று. “கேப்டன் நல்ல மனுஷன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்” என்றார். பிறகு, “அந்த ட்ரிப் போகாம இருந்திருக்கணும், இல்ல?” என்றார். அன்று மில் கேட்டருகே இன்னும் ஜனம் நின்றதை நானும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆனாலும் டிப்போவுக்குப் போன் பண்ணி இவரை நிறுத்தச் சொன்னேன். அதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கடைசியாக ஏறினவர்களில் இரண்டு குடும்பம் இதே தெருவில்தான் இருக்கிறது. யாரும் இவரைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. பாலம் தாண்டாமல் மாட்டிக்கொண்டோமே என்றுதான் சொல்கிறார்கள். பார்த்தால் வணக்கம் வைக்கிறார்கள்.

வீடு ஒரே அறை. தண்ணீர் காலையில் மட்டும் வருகிறது. வாலுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. கொடிக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்களாம், சொன்னாளாம். வீட்டுக்கு வந்ததும், நீ பயந்ததை நான் அவளிடம் சொன்னபோது, “கை வலிக்கலம்மா” என்றாள்.

மீன்வளத் துறையில் சேர்ந்துவிட்டாய் என்று கமிஷன் டைப்பிஸ்ட் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள். வெளியில் சாப்பிட்டே காலத்தை ஓட்டாதே.

இங்கேயும் எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் வேண்டுமாம். நேற்றுப் போய்க் கேட்டேன். “இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?” என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் பழைய எக்ஸ்சேஞ்ச் மாடி தெளிவாகத் தெரிந்தது, புதுக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “திங்கக்கிழமை வந்துடுங்க. காலை ஷிப்ட்” என்றார்.

அக்கா